ஒன்பது கிலோ நாய்

"மருந்தை நிறுத்துங்க ஆன்ட்டி. நாளைக்குச் சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. மருந்து இல்லாம எப்படி இருக்குன்னு நான் பார்க்கணும்."

கேட்கவே கூடாது என்று எச்சரித்து வைத்திருந்த ஒன்றைக் கமலம் கேட்டுவிட்டாள். அவள் மிருக டாக்டராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி டாக்டர் எட்மண்ட் சொல்லியிருந்தார். நாய் என்ன தின்கிறது என்று கேள், வீட்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்றுகூடக் கேள். நான் எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லி மட்டும் எந்த வீட்டிலும் கேட்காதே. செகந்திராபாத்தின் பாதி நாய்களுக்கு இருபத்தைந்து வருடமாக ஒரே மாத்திரையை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற மனிதர் வேறு என்ன சொல்வார்? பட்டாசுக்குப் பயந்தாலும் அந்த மாத்திரை, இடிக்குப் பயந்தாலும் அது, ரயில் விசிலுக்குப் பயந்தாலும் அதுவே. அது பயத்தைப் போக்காது சார், உடம்பைத்தான் கட்டிப் போடும், உள்ளுக்குள்ள அந்த நாய் முழுப் பயத்தோட முழிச்சிட்டேதான் கிடக்கும் என்று ஒருமுறை அவள் சொன்னபோது, "கத்துதா? கத்தலையில்ல? அப்பறம் என்ன?" என்று கேட்டுவிட்டு ஆரஞ்சு உரிக்கப் போய்விட்டார்.

ஆன்ட்டி என்று அவள் கூப்பிட்டது ஹில்டாவை. ஐம்பது வயது, கல்யாணம் ஆகாதவள், தம்பி ரூஃபஸின் மல்காஜ்கிரி வீட்டை இடுப்புச் சாவிக்கொத்தோடு நடத்துகிறவள். நாயை நிறுத்தி வைத்துக்கொண்டு பேசும்போது எந்த வீட்டுக்காரரும் நாயைத்தான் பார்ப்பார்கள். இவளோ தன் தோளுக்குப் பின்னால் திரும்பி, சாத்தியிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

"நிறுத்தணுமா? நெசமாவா சொல்லுதீங்க? தம்பி வந்துரட்டுமே, டாக்டரம்மா."

"தம்பி என்ன படிச்சிருக்கார்?"

"பி.காம்."

"நான் அஞ்சு வருஷம் மிருகத்தை அறுத்துப் படிச்சிருக்கேன். நிறுத்துங்க."

"ஹவ், ஹவ். ஆமா, படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஹில்டா தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல் கமலத்துக்கு இனித்தது. ரயில்வே ஒர்க்‌ஷாப் பாரம் தூக்கும் கலாசி அய்யாக்கண்ணுவின் மகள் அவள். அப்பாவும் கைநாட்டு, அம்மாவும் கைநாட்டு. 'மாட்டுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வந்தியா' என்று பின்பெஞ்சு கேலி செய்த வகுப்பில் ஐந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அவள் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு ஒரு வீடு கட்டுப்படுகிறதென்றால் படட்டுமே.

ஆனாலும் ஏதோ இடித்தது.

எட்மண்டின் அட்டையில் எழுதியிருந்தது இதுதான்: சீசர், பொமரேனியன் கலப்பு, கடுமையான பயம், குளோர்ப்ரோமசின் நூறு மில்லிகிராம், தினம் மூன்று வேளை, நான்கு வருடமாக. இதில் பாதியைக் கொடுத்தாலே இந்த அளவு நாய் ஈரச் சாக்கு மாதிரி கிடக்க வேண்டும். மூன்றாவது இமை மேலேறிக் கண்ணைப் பாதி மறைத்திருக்க வேண்டும், வாயோரம் எச்சில் ஒழுக வேண்டும், பின்னங்கால் இழுக்க வேண்டும். சீசரோ அதற்குள் அவள் செருப்பைக் கவ்விக்கொண்டு கூடத்தை மூன்று சுற்று ஓடிவிட்டது. கண் கோலிக்குண்டு மாதிரி இருந்தது. கை தட்டினாள், வாலை ஆட்டியது. தட்டை எடுத்துத் தரையில் டமாரென்று போட்டாள். ஓடிவந்து தட்டை முகர்ந்தது. தூக்கிப் பார்த்தாள். ஒன்பது கிலோ, மிஞ்சினால் ஒன்பதரை. ஹைதராபாத்திலேயே இதைவிடச் சந்தோஷமான நாய் இருக்க வழியில்லை.

அப்படியானால் தினம் மூன்று மாத்திரை யார் வயிற்றுக்குள் போகிறது?

இந்தக் கிழவிதான் தின்கிறாள் என்று கமலம் முடிவு கட்டினாள். இப்படிப்பட்ட வீடுகளை அவளுக்குத் தெரியும். ஷோகேஸில் பீங்கான் வாத்து, சுவரில் வசனக் காலண்டர், மேசைமேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கடியில் எதையாவது மறைத்து வைத்திருக்கும் ஜனங்கள். தூக்கம் வராத அக்கா, நாய் பெயரில் மாத்திரை. தூ.

விஷயம் மட்டும் சின்னதல்ல. காலையில் ரூஃபஸ் கிளினிக்குக்குப் போன் செய்திருந்தான். எட்மண்ட் சர்ச் கமிட்டிக்குப் போயிருந்ததால் எடுத்தது கமலம். பழைய மருந்து வேலை செய்யவில்லை, சனிக்கிழமைக்குள் பலமானதாக ஒன்றைக் கொடுங்கள், முடியாதென்றால் ஒரேயடியாகத் தூங்க வைக்கிற மருந்தைக் கொடுத்துவிடுங்கள், நாங்களே வீட்டில் போட்டுக்கொள்கிறோம் என்றான். இன்று வியாழன். யாரையும் கேட்காமல் அட்டையை எடுத்துக்கொண்டு அவளே வந்துவிட்டாள். சரியான மருந்தை இரண்டு நாளில் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒரு ஜீவன் போய்விடும். அந்த ஜீவனோ இதோ அவள் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது.

ஐந்தேகாலுக்குப் பாலாநகர் தொழிற்சாலை பஸ் தெருமுனையில் நின்றது. பேச்சைக் குறை, வேலையைப் பெருக்கு என்று எமர்ஜென்சியின் அந்த வருடம் ஊரெங்கும் எழுதி வைத்திருந்த வாசகம் அதன் பின்புறத்திலும் இருந்தது. ரூஃபஸ் இறங்கி வந்தான். நாற்பது வயது, இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, சிரிக்கும்போது மேலுதடு மட்டும் நகரும் முகம்.

"எட்மண்ட் அங்கிள் வரலையா? லேடி டாக்டரை அனுப்பிட்டாரா? பரவாயில்ல, உட்காருங்க."

"என்ன செய்யுதுன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம."

அவன் நாற்காலியில் சாய்ந்து, ஆபீசில் நோட் சொல்லி எழுதவைப்பவன் போல நிதானமாகச் சொன்னான். ராத்திரியில் கதவைப் பிறாண்டுகிறது. தட்டை வைத்தால் தின்னாமல் முறைக்கிறது. குளிப்பாட்டப் போனால் உடம்பை இறுக்கிக்கொள்கிறது. திடீரென்று அழுகிறது, அதுவும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி. "அப்பறம் நான் வர்ற சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போய்ப் பூந்துக்குது. நாலு வருஷம் நல்லா அடங்கித்தான் இருந்துச்சு. இப்ப மருந்து பழகிப் போச்சு."

அவன் சொல்லச் சொல்ல, சீசர் அவன் முழங்காலில் முன்னங்கால்களை வைத்து நின்று அவன் விரல்களை நக்கிக்கொண்டிருந்தது.

"இது கட்டிலுக்கு அடியில போய் ஒளியுதா?"

"இப்ப நடிக்குது." மேலுதடு நகர்ந்தது. "எதுக்கு இவ்ளோ யோசனை, டாக்டர்? எட்மண்ட் அங்கிள் மாதிரி கொஞ்சம் தாராளமா எழுதுங்க."

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. உள்ளறைக் கதவுக்குப் பின்னால், தரையோடு தரையாக, ஈரத்துணியால் யாரோ மெள்ளத் துடைப்பது மாதிரி ஒரு இழுப்பு, பிறகு மரத்தில் நகம் படுகிற நாலைந்து சுரண்டல், பிறகு கேட்பவளை அதுவும் கேட்டுக்கொண்டிருப்பது மாதிரி ஒரு நிசப்தம். கமலம் கதவுப் பக்கம் திரும்பினாள். ஹில்டா எழுந்து போய் ரேடியோவின் காதைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள்.

"என் மிஸஸ், ஐவி. தலைவலி, படுத்திருக்கா" என்றான் ரூஃபஸ். "டீ சாப்பிடுறீங்களா?"

தெருவுக்கு வந்த பிறகும் அந்தச் சுரண்டல் காதுக்குள் இருந்தது. எலி, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அஞ்சு வருஷம் படித்துவிட்டு எலிக்கு நடுங்குகிறாயா?

*

"அந்த வீட்டுல போய் நிறுத்தச் சொன்னியா?" எட்மண்டின் கையில் ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றது.

"ஆமா சார். அட்டையில இருக்கிற அளவு நாய்க்கு எழுதுற அளவே இல்ல. கணக்குத் தப்பு." உங்களுக்குக் கணக்கு வராது என்று சொல்ல வந்ததை அவள் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"அது பெரிய நாய்ம்மா."

"ஒன்பது கிலோ சார். நான் தூக்கிப் பார்த்தேன்."

எட்மண்ட் அவளைப் பார்க்கவில்லை. சுளையை மேசைமேல் வைத்தார். அதிலிருந்த நரம்பை ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தார். "நாளைக்கு நீ அங்க போகாதே. நான் பாத்துக்கிறேன். ரூஃபஸ் நம்ம சர்ச்சுப் பையன். நல்ல குடும்பம்" என்றார். இதெல்லாம் கமலத்துக்குக் கிழவனின் கௌரவப் பிரச்சினையாகத்தான் பட்டது. தப்பைக் கண்டுபிடித்தது ஒரு கலாசி மகள், அதுதான் வயிறு எரிகிறது. அலமாரியிலிருந்து பினோபார்பிடோன் தூக்க மாத்திரைக் குப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். நாய்க்கு உண்மையிலேயே பயம் இருந்தால் இதுதான் சரியான மருந்து. எடை பார்த்து, கால் மாத்திரையில் ஆரம்பித்து, மெள்ள ஏற்றலாம். குப்பியில் நூறு இருந்தன. கிழவருக்குப் பாடம் கற்பிக்க அவை போதும்.

*

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அந்த வீட்டின் ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. வெளியே பிப்ரவரி வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே விளக்கு எரிந்தது. ரேடியோ நேற்றைவிட உரக்கப் பாடியது. கூடமெங்கும் கண்ணைக் கரிக்கிற அளவுக்குப் பினாயில், அந்தப் பினாயிலுக்கு அடியில், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாலும் விடாமல், அவளுக்கு நன்றாகப் பழக்கமான இன்னொரு வாடை. பல நாள் கூண்டில் கிடந்து, பயத்தில் அங்கேயே ஒன்றுக்குப் போய், அதன்மேலேயே படுத்து எழுந்த மிருகத்தின் வாடை.

சீசர் பந்தோடு ஓடிவந்தது. கமலம் குனிந்து முகர்ந்தாள். பவுடர் போட்டிருந்தார்கள். மணந்தது.

அந்த வாடை இதனுடையது இல்லை.

"நிறுத்தினீங்களா ஆன்ட்டி?"

"நிறுத்தினேன்." ஹில்டாவின் குரலே மாறியிருந்தது. இடது முன்கையில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது, துணியில் பழுப்பாக ஈரம் கசிந்திருந்தது.

"என்னது அது?"

"சீசர்தான். கடிச்சிருச்சு."

"காட்டுங்க. ரேபிஸ் ஊசி போடணுமான்னு பார்க்கணும்."

"நக்கோ, டாக்டரம்மா. வேண்டாம்."

அவள் கையை இழுப்பதற்குள் கமலம் துணியைப் பிரித்துவிட்டாள்.

நாய்க்கடி எத்தனையோ பார்த்திருக்கிறாள். நாயின் கோரைப்பல் முதலில் குழி தோண்டும், பிறகு கிழிக்கும். இதில் குழி இல்லை. கிழிசல் இல்லை. மேலே ஒரு வளைவு. கீழே ஒரு வளைவு. தட்டையாக, வரிசையாக, சின்னச் சின்னப் பற்கள். ஒன்றிரண்டு விழுந்த இடத்தில் இடைவெளி.

கமலம் அந்தக் கையை விட்டுவிட்டாள்.

"நீங்கதானே சொன்னீங்க" என்றாள் ஹில்டா. ரேடியோவுக்குள் அந்த முணுமுணுப்பு பாதி கரைந்தது. "நேத்து ராத்திரி கொடுக்கல. காலையில கொடுக்கல. படிச்சவங்க, எல்லாம் தெரிஞ்சுதான் சொல்லுதீங்கன்னு நெனச்சேன். எட்மண்ட் அங்கிள் உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

"யாருக்குக் கொடுக்கல?"

ஹில்டா உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

"அக்கா, போய் டீ போடு."

ரூஃபஸ். அன்று அரை நாள் லீவு போட்டிருந்தான் போல. எப்போதிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்? அவன் எழுந்து வரவில்லை, குரலை உயர்த்தவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மேசைமேல் இருந்த கமலத்தின் மருந்துச் சீட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பாருங்க டாக்டர், நீங்க சின்னப் பொண்ணு. கம்பெனி வேலைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது. கம்பெனி ஆஸ்பத்திரியில காட்டினா மெடிக்கல் கார்டுல ஏறிடும். மனசு வியாதின்னு ஒருதடவை கார்டுல ஏறிச்சுன்னா டிஸ்பென்சரி கிளார்க்குல இருந்து கேன்டீன் வரைக்கும் தெரியும். பிரமோஷன் போர்டுல உட்கார்ந்திருக்கிறவனுக்கும் தெரியும். நாய்க்கு எந்தக் கார்டும் கிடையாது."

"என்ன வியாதி?"

"பயம். எதைப் பார்த்தாலும் பயம்." யோசித்துவிட்டுச் சேர்த்தான். "முக்கியமா என்னைப் பார்த்தா."

அதை எப்படிச் சொன்னான்! வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று சொல்கிற மாதிரி. ஏன் பயம் என்று அவன் சொல்லவில்லை.

"மத்தியானம் நான் வந்து சேர்த்து நாலு கொடுத்தப்பறம்தான் அடங்கிச்சு. சீசர்னே எழுதுங்க. பேர் ஒரு பிரச்சினை இல்ல. எடையை மட்டும் பார்த்துப் போடுங்க. முப்பத்தெட்டு. போன்ல சொன்னேனே, ஒரேயடியா தூங்குற மாதிரி. அதுன்னா இன்னும் நல்லது. அதுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்."

பையில் குப்பி இருந்தது. நூறு. அவளே தேர்ந்தெடுத்தது. நேற்று இரவு புத்தகத்தைப் புரட்டி, பெருமையோடு. அவள் பையை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். மாத்திரைகள் உள்ளே கலகலவென்றன. அவன் கண் பைக்குப் போனது.

ஆரஞ்சு நரம்பை உரித்துக்கொண்டிருந்த விரல்கள் ஞாபகம் வந்தன. கிழவருக்குக் கணக்கு நன்றாகவே வந்திருக்கிறது. நாலு வருடமும் துல்லியமான கணக்கு.

"கதவைத் திறங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நோயாளியைப் பார்க்காம நான் மருந்து எழுத மாட்டேன்."

குரல் அவளுடையது மாதிரியே இல்லை. ஆனால் கால் நடந்தது. ஹில்டா அடுப்படி வாசலிலேயே நின்றிருந்தாள். கமலம் கை நீட்டியதும் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஒருவேளை நாலு வருடமாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தாளோ, இல்லை யார் கேட்டாலும் கொடுப்பாளோ. அந்த மாதிரி ஜென்மம்.

வெளித்தாழ்ப்பாள். பூட்டு. சாவி இரண்டு தரம் வழுக்கியது.

திறந்தாள்.

வாடை முகத்தில் அறைந்தது. இருட்டு. ஜன்னலில் பலகை அறைந்திருந்தது. கூடத்து வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. கதவின் உட்புறம், தரையிலிருந்து ஒரு முழ உயரம் வரை, வண்ணம் முழுக்கச் சுரண்டப்பட்டு வெள்ளை மரம் தெரிந்தது. அலுமினியத் தட்டு. தண்ணீர்க் கிண்ணம். கட்டில். கட்டில்மேல் யாரும் இல்லை. மடிப்புக் கலையாத விரிப்பு.

கமலம் குனிந்தாள்.

கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டி, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு ஒருத்தி. நைட்டி. கழுத்தளவு வெட்டிய முடி. கன்னம், நெற்றி, வாய், எல்லாம் மெழுகு மாதிரி அசைவற்று இருந்தன. எச்சில் ஒரு நூலாக மோவாயிலிருந்து தொங்கியது. கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலோடு ஓயாமல் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்கக் கட்டிப் போட்டாயிற்று.

கண்ணைத் தவிர.

கண் விழித்திருந்தது. பெரிதாக. அது கமலத்தின் முகத்துக்கு வந்தது, பைக்குப் போனது, கதவில் விழுந்த ரூஃபஸின் நிழலுக்குப் போனது. அங்கேயே நின்றது. அந்த வெள்ளை விழியில் இருந்ததைக் கமலம் அறுவை மேசையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கத்த முடியாமல் கிடப்பதை அமைதி என்று எழுதிக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறாள்.

"ஐவி அக்கா." கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினாள். "என் கையைப் பிடிங்க. எழுந்து வாங்க."

ஐவி கையைப் பார்த்தாள். வெறும் உள்ளங்கை. வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெள்ள முன்னால் நகர்ந்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, நாக்கை முழுசாக வெளியே நீட்டினாள். மாத்திரைக்காக.

"பார்த்தீங்களா, நல்லாப் பழகியிருக்கு" என்றான் பின்னால் ரூஃபஸ்.

கமலம் அந்தக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கனமே இல்லை. இழுத்தால் வந்தது, நிறுத்தினால் நின்றது. யார் இழுத்தாலும் வந்திருக்கும். மருந்துச் சீட்டுப் புத்தகம் மேசைமேலேயே கிடக்கட்டும், கிழவரின் வேலையும் அதோடு கிடக்கட்டும். மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. அப்பா வராந்தாவில் படுத்துக்கொள்வார். வீடு இருக்கிறது, மருந்து இறங்குகிற வரை பக்கத்தில் உட்கார ஒருத்தி இருக்கிறாள். மீதியெல்லாம் பிறகு. கட்டிலுக்கு அடியில் கை நீட்டியபோதே இதெல்லாம் முடிவாகிவிட்டது என்று நடக்கும்போதுதான் தெரிந்தது.

ரூஃபஸ் குறுக்கே வந்தான்.

"தள்ளுங்க. இல்லைன்னா இங்க நின்னு கத்துவேன். எதிர்வீட்டுல இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். உங்க கம்பெனி பஸ் வர்ற நேரம்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். தள்ளி நின்றான். இவ்வளவுதானா? இவ்வளவுக்குத்தானா நாலு வருடம்?

வாசற்படி. முற்றம். சீசர் பந்தைக் கொண்டுவந்து ஐவியின் காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டியது. கேட். வெயில் பட்டதும் ஐவியின் கண் சுருங்கியது, நடை நிற்கவில்லை. ரூஃபஸ் கேட் வரை மரியாதையாகக் கூடவே வந்து, சத்தம் வராமல் அதைச் சாத்தி, கம்பிக்குமேல் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னான்:

"இருட்டுறதுக்குள்ள கொண்டாந்து விட்டுருங்க."

கமலம் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. டிபன் கேரியரோடு இறங்கிய ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வழி விட்டு ஒதுங்கினார்கள். ஒருத்தன் ஐவியைப் பார்த்து, தெரிந்த முகம் மாதிரி புன்னகைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். அப்போதுதான் கமலம் பக்கவாட்டில் பார்த்தாள்.

ஐவி வாயை மூடவே இல்லை. கட்டிலடியிலிருந்து இத்தனை தூரமும், அத்தனை பேர் பார்க்க, நாக்கை நீட்டியபடியே நடந்து வந்திருக்கிறாள். நாக்கு காய்ந்து வெளுத்திருந்தது. கமலம் மோவாயைத் தொட்டு மூடப் பார்த்தாள். மூடவில்லை. அவள் கண், கமலத்தின் விரல்களையே பார்த்துக்கொண்டு, காத்திருந்தது.